கட்டைவிரல் என்ன சொல்கிறது?

போன இதழில் சண்டை கேம்களைப் பற்றிப் போகிற போக்கில் நான் எழுதிய நாலு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. பாதிக்கு மேல் நம் மலைப் பக்கத்துக் கடிதங்கள். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், அந்தப் பக்கம் கொடைக்கானல். சுற்றிச் சுற்றி எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: எந்த ஜாய்ஸ்டிக் வாங்குவது? பெயர்களை எடுத்துவிட்டேன். மூன்று பேர் "வீட்டுக்குத் தெரிய வேண்டாம்" என்று அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்கள், அதில் ஒருவருக்கு வயது 52.

நம் ஊரில் கையில் பிடித்து ஆடுகிற எதற்கும் ஜாய்ஸ்டிக் என்றுதான் பெயர். பதிலில் குழப்பம் வராமல் இருக்க ஒரு ஏற்பாடு. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் கூட வருகிற, இரண்டு கையாலும் பிடிக்கிற சாமான் 'பேடு'. பழைய கேம்ஸ் கடை மெஷினில் இருந்த மாதிரி கம்பும் குமிழும் பட்டன்களும் உள்ள பெட்டி 'ஸ்டிக்'. கம்பே இல்லாமல் திசைக்கும் பட்டனே வைத்த தட்டையான சாமானை லீவர்லெஸ் என்பார்கள், நான் 'பட்டன் பலகை' என்றே எழுதுகிறேன்.

அண்ணா, பிளேஸ்டேஷன் 5-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 ஆடுகிறேன். ஒரு மணி நேரம் ஆடினால் இடது கட்டைவிரல் தோல் உரிந்துவிடுகிறது. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஸ்டிக்கில்தான் ஆடுகிறார்கள், நீயும் வாங்கு என்கிறார்கள் சீனியர்கள். காசு சேர்த்து வாங்கட்டுமா?
— கல்லூரி மாணவர், காந்தள், ஊட்டி

சீனியர்களிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: லஃபி. பிரான்ஸ்காரர். 2014-இல் லாஸ் வேகாஸில் நடந்த ஈவோ என்கிற பெரிய சண்டை கேம் போட்டியில் அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 பட்டத்தை வாங்கியவர். அவர் கையில் இருந்தது முதல் பிளேஸ்டேஷனின் பேடு. 1994-இல் ஜப்பானில் வந்ததே அந்தக் காலத்து பிளேஸ்டேஷன், அதன் பேடை ஒரு கன்வெர்ட்டர் வழியாகச் செருகிக்கொண்டு, ஸ்டிக் வைத்திருந்த அத்தனை பேரையும் தாண்டி வந்தார். எனவே ஸ்டிக் வாங்கினால் ஆட்டம் வந்துவிடும் என்பது, நல்ல கரண்டி வாங்கினால் சாம்பார் வந்துவிடும் என்கிற மாதிரி.

ஆனால் தோல் உரிவது உண்மையான பிரச்சினை, அதை ஆட்டத்திறமையோடு சேர்க்க வேண்டாம். கீழே, சாய்வு, முன்னே என்று கால்வட்டம் போடும்போது நீங்கள் கட்டைவிரலை டி-பேடின் (பேடின் இடப்பக்கத்துத் திசைப் பட்டன்) மேல் இழுத்துக்கொண்டு போகிறீர்கள், அது விளிம்பில் உரசி உரசித் தோலை எடுக்கிறது. விரலின் சதைப்பகுதியை டி-பேடின் நடுவில் வைத்து, எடுக்காமல், தொட்டிலை ஆட்டுவது போல் சாய்த்துப் பாருங்கள். அப்புறம் அழுத்தம். அந்த பட்டன்களுக்கு அடியில் இருப்பது ரப்பர்தான், லேசாகத் தொட்டாலே போதும், ஆனால் உயிர் போகிற ரவுண்டில் நாம் பேடையே பிழிந்துவிடுகிறோம். நானும் அந்தக் கட்சிதான்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரியாமல் கையைக் கெடுப்பது ஆர்-2. ஸ்ட்ரீட் ஃபைட்டரில் மூன்று குத்து, மூன்று உதை, ஆக ஆறு பட்டன். பேடின் முகத்தில் நாலுதான் இருக்கிறது, மிச்ச இரண்டும் பேடின் தோள்பட்டைக்கு, அதாவது மேல் விளிம்புக்குப் போகும். அதில் ஆர்-2 துப்பாக்கி விசை மாதிரி நீளமாக உள்ளே போகிற பட்டன். பலமான உதையை அங்கே வைத்தால் விரலும் வலிக்கும், அடியும் பிந்தும். செட்டிங்கில் போய் அதை இடப்பக்கத் தோளில் இருக்கிற எல்-1க்கு மாற்றுங்கள், செலவில்லாத வைத்தியம்.

அதற்கும் அடங்காவிட்டால் ஸ்டிக்குக்குத் தாவாமல் நடுவில் ஒரு படி இருக்கிறது: முகத்திலேயே ஆறு பட்டன் வைத்த பேடு. 1993-இல் சேகா தன் மெகா டிரைவுக்கு ஆறு பட்டன் பேடு விட்டதே ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஆடத்தான். அந்த உருவத்தை ஒட்டி ஹோரி ஃபைட்டிங் கமாண்டர், 8பிட்டோ எம்-30 மாதிரி சாமான்கள் இப்போதும் வருகின்றன. டி-பேடு வட்டமாக, வழவழப்பாக இருக்கும், கட்டைவிரலுக்குக் கொண்டாட்டம். ஆனால் பெட்டி மேல் பிளேஸ்டேஷன் 5 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டர் கிட்டத்தட்ட எதையும் ஏற்றுக்கொள்ளும், கான்சோல் அப்படி இல்லை. பிஎஸ் 4 பேடை பிஎஸ் 5-இல் செருகினால் பொதுவாக பிஎஸ் 4 கேம்தான் ஆடலாம்.

எதை வாங்கினாலும், நண்பன் வீட்டில் தொட்டுப் பார்த்தாலும், ஒரு சோதனை. டிரெய்னிங் அறைக்குப் போய் நீங்கள் அழுத்துவது திரையில் ஓரமாகத் தெரியும்படி வையுங்கள். இடப்பக்கம் நின்று பத்து தீப்பந்து (அந்தக் கால்வட்டமும் ஒரு குத்தும்), வலப்பக்கம் நின்று பத்து. ஒரு பக்கம் பத்தும் வந்து இன்னொரு பக்கம் ஐந்துதான் வந்தால் உங்கள் விரல் ஒரு திசையில் சிரமப்படுகிறது என்று அர்த்தம். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் எண்ணுங்கள். முதல் பத்தில் எல்லா பேடும் நன்றாகத்தான் இருக்கும்.

பகலில் கொழுந்து பறிக்கும் வேலை, ராத்திரி தம்பி கூட உட்கார்ந்து டெக்கன் 7. அவனை அடிப்பதில் ஒரு சந்தோஷம். இப்போது கொஞ்ச நாளாக இடது கட்டைவிரல் அடியில், மணிக்கட்டுப் பக்கம், சுரீர் என்று வலிக்கிறது. விளையாட்டை விட்டுவிடச் சொல்வீர்களா? பிஎஸ் 4 இருக்கிறது, தம்பியிடம் லேப்டாப்பும் இருக்கிறது.
— வாசகி, கோத்தகிரி

விடச் சொல்ல மாட்டேன், தம்பிக்கு அவ்வளவு லாபம் கொடுக்க வேண்டாம். ஆனால் இந்தக் கடிதத்தைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

இரண்டு இலை ஒரு மொட்டு என்று பறிப்பதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் முழு வேலையும் செய்கின்றன. காலையிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கிள்ளினீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. சாயங்காலம் வந்து அதே கட்டைவிரலை டி-பேடின் மேல் வைத்தால் அது இரண்டாவது ஷிஃப்ட், சம்பளம் இல்லாமல். பகல் வேலையை மாற்ற என்னால் முடியாது. ராத்திரி வேலையை வேறு விரலுக்கு மாற்றிக் கொடுக்கலாம்.

முதலில் வலி. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, மற்ற நாலு விரலால் மூடி, மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். கட்டைவிரல் அடியில் உயிர் போகிற மாதிரி வலித்தால், அங்கே ஓடுகிற தசைநாண்களின் உறை வீங்கியிருக்கலாம். டி க்வெர்வான் என்ற சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் 1895-இல் எழுதிவைத்த பழைய தொந்தரவுதான், பெயரும் அவர் பெயரே. அதை நான் பார்த்துச் சொல்ல முடியாது, டாக்டரிடம் காட்டுங்கள். பறிக்கிற வேலை என்பதையும் கேம் ஆடுவதையும் இரண்டையும் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர் சும்மா வைக்கச் சொல்கிற நாட்களில் தம்பி ஜெயிக்கட்டும்.

அப்புறம் சாமான். உங்களுக்கு ஸ்டிக்கைவிடப் பட்டன் பலகையைத்தான் சொல்வேன். ஸ்டிக்கில் கட்டைவிரலுக்குப் பாரம் குறைவு, ஆனால் மணிக்கட்டு திரும்பிக்கொண்டே இருக்கும், உங்களுக்கு வலி அங்கேதானே இருக்கிறது. பட்டன் பலகையில் இடது, கீழ், வலது மூன்றும் மூன்று விரலின் கீழே வரிசையாக இருக்கும், மேலே போவதற்கு மட்டும் கட்டைவிரலுக்கு ஒரு பெரிய பட்டன். கை மேசை மேல் அப்படியே கிடக்கும், விரல் நுனி மட்டும் இறங்கி ஏறும். டெக்கனில் ஒதுங்கி நகர்வதற்கு மேல் பட்டன் அடிக்கடி தேவைப்படும், அதை வலது கட்டைவிரலால் தட்டிப் பழகுங்கள். பலகையில் அது நடுவில்தான் இருக்கும், எந்தக் கட்டைவிரலுக்கும் எட்டும்.

உடனே வாங்கிவிடாதீர்கள், விலை பேடைவிட அதிகம். டெக்கன் 7 கம்ப்யூட்டருக்கும் இருக்கிறது, தம்பி லேப்டாப் தாங்குமா பாருங்கள். கீபோர்டில் ஏ, எஸ், டி மூன்றும் இடது, கீழ், வலது. நீளமான ஸ்பேஸ் பட்டன் மேலே. வலக்கைக்கு யூ, ஐ, ஜே, கே. டெக்கனில் இடது கை, வலது கை, இடது கால், வலது கால் என்று நாலே அடி, நாலு எழுத்தில் முடிந்துவிடும். இரண்டு வாரம் ஆடிப் பாருங்கள். முதல் வாரம் தம்பி உங்களை வெளுப்பான். இரண்டாம் வாரம் பின்னால் தாவித் தாவி விலகுவது பேடைவிட இதில் வேகமாக வருவதை அவனே பார்ப்பான். வலி குறைந்திருந்தால் அப்புறம் பலகைக்குக் காசு சேர்க்கலாம்.

தம்பிக்கு இந்தப் பக்கத்தைக் காட்டாதீர்கள்.

வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் லேப்டாப் கீபோர்டிலேயே ராத்திரி ஆடுகிறேன். மூன்று பட்டன் சேர்த்து அழுத்தினால் ஒன்று விழவே மாட்டேன் என்கிறது. என் விரல் தப்பா, மெஷின் தப்பா?
— வாசகர், குன்னூர்

மெஷின். ஆபீஸ் லேப்டாப்பில் கேம் எப்படி ஏற்றினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சாதாரணக் கீபோர்டின் அடியில் ஒவ்வொரு பட்டனுக்கும் தனி ஒயர் கிடையாது, கட்டம் கட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் கோடுகள்தான். சில மூன்று பட்டன்களைச் சேர்த்து அழுத்தினால் எது விழுந்தது என்று அதற்குத் தெரியாது, அதனால் ஒன்றை விட்டுவிடும். சண்டை கேமில் கீழும் முன்னும் சேர்ந்த சாய்வுக்கே இரண்டு பட்டன், அதன் மேல் ஒரு குத்து என்றால் மூன்று ஆகிவிட்டது. அடி பட்டன்களை வேறு எழுத்துகளுக்கு மாற்றிப் பாருங்கள், எந்தக் கூட்டு விழுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் எத்தனை பட்டன் அழுத்தினாலும் விழும் என்று போட்ட மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்று வாங்குங்கள், வேலைக்கும் ஆகும். ஒயர் உள்ளதாக. இந்த கேம்கள் நொடிக்கு 60 படம் ஓடுகின்றன, ஒரு படத்துக்கு 16 மில்லிசெகண்டுக்குச் சற்று மேல், அதில் புளூடூத்துக்குத் தட்சிணை வைக்க வேண்டாம்.

என்றைக்காவது போட்டிக்குப் போனால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும். ஸ்டிக்கில் கம்பு ஒரே நேரத்தில் இடதும் வலதும் போக முடியாது, கீபோர்டிலும் பலகையிலும் முடியும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் செய்கிற கேப்காம் கம்பெனியின் போட்டிகளில், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கடைசியாக அழுத்தியது ஜெயிக்கும் என்று வைத்த பலகையை ஒப்புக்கொள்வதில்லை. இரண்டும் சேர்ந்தால் ஆள் அப்படியே நிற்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், சிக்கல் வராது.

சார், மகன் ஒரு சாமான் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க டக் டக் டக். எங்கள் வீட்டுச் சுவர் பலகைச் சுவர். சத்தம் வராத மாடல் இருக்கிறதா?
— ஒரு தாய், கொடைக்கானல்

அம்மா, அந்த டக் டக் மைக்ரோஸ்விட்ச். கம்பின் அடியில் நாலு இருக்கும், சில பட்டன்களிலும் இருக்கும். சத்தமில்லாத பட்டன் தனியாகவே கிடைக்கிறது, ஜப்பானின் சன்வா கம்பெனி அதற்கென்றே ஒரு வகை செய்கிறது, பழையதைக் கழற்றி அதைச் செருகச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கொஞ்சம் ஃபோம் அடைத்தால் பாதி சத்தம் அங்கேயே நின்றுவிடும், ஒயர் மேல் அழுத்தாமல் அடைக்க வேண்டும். வெறும் மேசை மேல் வைக்காமல் அடியில் மடித்த கம்பளி போட்டால் மீதியும் குறையும், மேசைதான் அந்தச் சத்தத்துக்கு மத்தளம். ராத்திரிக்கு மட்டும் பிளேஸ்டேஷன் பேடு என்று பேசி முடிப்பதும் நல்ல வழி, ரப்பர் பட்டன் சத்தம் போடாது. புது எக்ஸ்பாக்ஸ் பேடின் டி-பேடு மட்டும் வேண்டாம், அது டிக் டிக் என்று தனிக் கச்சேரி.

மழை ஆரம்பித்தால் என் பேடும் ஆரம்பித்துவிடுகிறது. கீழ் பட்டன் சில நேரம் விழாது, ஆள் தானாகப் பின்னால் நடக்கிறான். இரண்டு வருடத்தில் இரண்டு பேடு போயிற்று.
— வாசகர், கூடலூர்

ஜூனிலிருந்து உங்கள் ஊரில் துணியே காயாது, பேடு எங்கே காயும். அது இரண்டு தனித்தனிச் சீக்கு.

பட்டன் விழாமல் போவது, ரப்பரின் அடியில் இருக்கிற கருப்புக் கரிப்பொட்டும் அது தொடுகிற தகடும் ஈரமும் அழுக்கும் ஏறியதால். பேடைத் திறந்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு இரண்டையும் லேசாகத் துடையுங்கள். தேய்க்க வேண்டாம், கரி போய்விட்டால் அவ்வளவுதான். தானாக நடப்பது அனலாக் குமிழ், பேடில் கட்டைவிரலால் சாய்க்கிறோமே அது. அதற்குள் தேய்கிற பாகம் இருக்கிறது, தேயத் தேய நடுவில் நிற்க மறந்துவிடும். நீங்கள் டி-பேடில் ஆடினாலும் அது பக்கத்திலிருந்து ஒரு திசையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கம்ப்யூட்டர் என்றால் ஸ்டீம் என்கிற கேம் கடை மென்பொருளில் அந்தக் குமிழின் செத்த எல்லையை (டெட் ஜோன், அதற்குள் அசைந்தால் கணக்கில் வராது) பெரிதாக்கி வாயை அடைக்கலாம். புதிது வாங்கினால் ஹால் எஃபெக்ட் என்று போட்டதைப் பாருங்கள், அது காந்தத்தில் வேலை செய்கிறது, உரசித் தேய்கிற பாகம் இல்லை. அல்லது குமிழே இல்லாத பலகை.

ஆடி முடித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில், ஷூ பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்தோடு போட்டு வையுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்கலாம் என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. ஒரு மழைக்காலம் முழுக்க வைத்தேன். எடுத்தபோது கைப்பிடி ரப்பர் வெல்லப்பாகு மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது, புகை வாசனை இன்னும் போகவில்லை.

ஜனவரியில் விரல் விறைத்துவிடுகிறது. கையுறை போட்டு ஆடலாமா?
— வாசகர், தலைக்குந்தா

புல் மேல் உறைபனி படிகிற ஊரில் இருந்துகொண்டு நியாயமான கேள்வி. முழுக் கையுறை வேண்டாம், விரல் நுனிக்கு பட்டன் தெரியாது. நுனி வெட்டிய கம்பளிக் கையுறை நல்லது, மணிக்கட்டை மூடியிருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் விரலை இழுக்கிற தசை முன்கையில்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் டீயை இரண்டு கையாலும் பிடித்து, குடித்து முடித்து, அப்புறம் முதல் மேட்ச். டீயோடு வர்க்கி சாப்பிட்டால் கையைத் துடைத்துவிட்டு வாருங்கள், அந்தப் பொருபொருப்பு பட்டன் இடுக்கில் போனால் வராது. இரும்புத் தகடு வைத்த பலகை மட்டும் இந்த ஊருக்கு ஆகாது. என்னிடம் ஒன்று இருக்கிறது, மார்கழியில் அதன் மேல் கை வைப்பது பனிக்கட்டி மேல் வைக்கிற மாதிரி. உள்ளங்கை படுகிற இடத்தில் ஒரு துண்டுத் துணி ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் இடது கைக்காரன். எல்லா ஸ்டிக்கிலும் பலகையிலும் திசை இடக்கைக்குத்தான் வருகிறது. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன், நானே செய்ய முடியுமா? மாற்றிச் செய்தால் தப்பா?
— மாணவர், பூம்பாறை

தப்பே இல்லை, செய்யுங்கள். இந்த இதழில் எனக்குப் பிடித்த கேள்வி இது.

மூளைக்கு ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த குட்டி சர்க்யூட் பலகை. அதற்கு ஜிபி2040-சிஇ என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, யாரும் திறந்து பார்க்கலாம். பிக்கோவில் இருக்கிற ஒரே பட்டனை அழுத்திக்கொண்டு கம்ப்யூட்டரில் செருகினால் பென் டிரைவ் மாதிரி தெரியும், அந்த ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஒயரிங் நீங்கள் முதல் வருட லேபில் செய்ததைவிட எளிது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு கால். ஒரு காலை பிக்கோவின் ஒரு பின்னுக்கு, இன்னொரு காலை கிரவுண்டுக்கு. எல்லா கிரவுண்டையும் ஒரே ஒயரில் மாலையாகக் கோத்துவிடலாம், ரெசிஸ்டர் தேவையில்லை. எந்தப் பின் எந்தத் திசை என்பதைப் பிறகு செட்டிங் பக்கத்தில் மாற்றிக்கொள்ளலாம், அதனால் திசைகளை வலக்கைப் பக்கம் வைக்க ஒரு தடையும் இல்லை. கம்ப்யூட்டரில் நேராக வேலை செய்யும். பிளேஸ்டேஷன் 5 மட்டும் அனுமதி பெற்ற சாமானா என்று கேட்கும், அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

ஒயரிங் ஒரு சாயங்கால வேலை. நேரம் போக வேண்டியது அளவெடுப்பதில். ஒரு கெட்டி அட்டையை மடியில் வையுங்கள், இல்லை மேசையில், நீங்கள் நிஜமாக எங்கே வைத்து ஆடுவீர்களோ அங்கே. கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையையும் அதன் மேல் சும்மா போடுங்கள், பியானோ வாசிக்கிற மாதிரி விறைப்பாக இல்லை, பஸ்ஸில் தூங்குகிறவன் கை மாதிரி. விரல் நுனி எங்கே விழுந்ததோ அங்கே இன்னொருவரைப் பென்சிலால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். நாலு நாள் நாலு தடவை. நாலு புள்ளிக்கும் நடுவில்தான் பட்டன். கடையில் வாங்குகிற பலகை யாரோ ஒருவருடைய கைக்குப் போட்ட வரைபடம், இது உங்களுடையது. வலது, இடது மணிக்கட்டுகளுக்கு நடுவே தோள் அகலத்தில் பாதியாவது இடைவெளி இருக்கட்டும், நெருக்கி வைத்தால் மணிக்கட்டு வெளிப்பக்கம் வளையும்.

ஆடுகிற பட்டன்களுக்கு 24 மில்லிமீட்டர் துளை, தாவுகிற பட்டனுக்கு 30. மரத்தில் செய்வதென்றால் கவனம்: அழுத்திச் செருகுகிற வகைப் பட்டன் மெல்லிய தகட்டில்தான் பிடிக்கும், தடிமனான பலகைக்கு அடியிலிருந்து மரை போட்டு முறுக்குகிற வகை வாங்க வேண்டும். நான் முதல் தடவை தப்பாக வாங்கினேன், பட்டன் எல்லாம் விளையாட விளையாட வெளியே வந்தது. பழைய டீப் பெட்டியின் ப்ளைவுட் கிடைத்தால் விடாதீர்கள், லேசாக இருக்கும், குளிராது.

1991-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது எனக்குப் பதினெட்டு. மெஷினில் நன்றாக ஆடியவன். இப்போது மகன் ஒரு ஸ்டிக் வாங்கிக் கொடுத்தான், தீப்பந்து வருகிறது, எழும்பிக் குத்துகிற அடி வரவே மாட்டேன் என்கிறது. வயதாகிவிட்டதா? (வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.)
— வாசகர், அருவங்காடு

மகனே வாங்கிக் கொடுத்த பிறகு வீட்டில் யாருக்கு மறைக்கிறீர்கள் என்று புரியவில்லை, இருந்தாலும் சரி.

நானும் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு சந்தில் டோக்கன் போட்டு ஆடியவன். என்னைவிட உயரமான அண்ணன்கள் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள், தோற்றால் தலையில் தட்டிவிட்டு இடத்தைப் பிடுங்குவார்கள். அந்த மெஷின்களின் கம்பு ஆயிரம் கை பட்டு லொடலொடத்திருக்கும், குத்துவதும் இழுப்பதும் முழுத்தோளோடு. அந்தப் பழக்கம்தான் இப்போது உங்களைக் கெடுக்கிறது. வயது இல்லை.

இன்றைய ஜப்பானிய லீவரின் (கம்பின்) அடியில், அது எவ்வளவு தூரம் போகலாம் என்று தடுக்கிற ஒரு சதுரக் கட்டம் இருக்கிறது. நாலு மூலையும் நாலு சாய்வு. எழும்பிக் குத்துகிற அடிக்கு முன்னே, கீழே, முன்னும் கீழும் சேர்ந்த சாய்வு. நீங்கள் கம்பை விளிம்பு வரை தள்ளித் தடவிக்கொண்டே போனால் வழியில் தேவையில்லாத திசைகளும் விழுந்துவிடும். ஸ்விட்ச் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளினாலே விழுந்துவிடும், சுவர் வரை போக வேண்டாம். சதுரம் பிடிபடவே இல்லையென்றால் எட்டு மூலைக் கட்டம் தனியாக, மலிவாகக் கிடைக்கும், மகன் திருகாணியைக் கழற்றி மாற்றித் தருவான். கொரிய லீவர் என்று இன்னொரு வகை, வட்டக் கட்டமும் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பரும், டெக்கன்காரர்களுக்கு உயிர்.

குமிழை முஷ்டியால் பிடிக்காதீர்கள். எலுமிச்சம்பழத்தை விரல் நுனியால் எடுப்பது போல் மேலிருந்து பிடிக்கலாம். இல்லை, உள்ளங்கையை மேலே திருப்பி, மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் கம்பு வரும்படி அடியிலிருந்து தாங்கலாம். எது மணிக்கட்டை நேராக வைக்கிறதோ அது. வலக்கை விரல்களை பட்டன் மேல் ஓய்வாகப் போட்டு வைக்கிற பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள், இந்தப் பட்டன்கள் மூச்சுக்காற்றுக்கே விழும். மடியில் போர்வை போட்டு அதன் மேல் ஸ்டிக்கை வைத்தால் வழுக்கிக்கொண்டே போகும், நடுவில் ஒரு ரப்பர் மேட். சமையலறை அலமாரியில் விரிக்கிற வலைமாதிரி மேட் போதும்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மாடர்ன் கன்ட்ரோல் வைத்து, சாதா பேடில், ஒரே பட்டனில் தீப்பந்து விடுகிறேன். நண்பர்கள் ஏமாற்று என்கிறார்கள்.
— வாசகி, வெலிங்டன்

ஏமாற்று இல்லை, கேம் செய்தவர்களே கொடுத்தது. அதற்கு விலையும் வைத்திருக்கிறார்கள்: அந்தக் குறுக்குவழியில் விடுகிற விசேஷ அடிக்கு 20 சதவீதம் பலம் குறைவு, சில அடிகள் கிடைக்கவும் கிடைக்காது. கால்வட்டம் போட்டு விட்டால் மாடர்னிலும் முழுப் பலம் உண்டு. என் பெண் மாடர்னில்தான் ஆடுகிறாள், பழைய பேடில், சோபாவில் படுத்துக்கொண்டு. நான் கம்பளி, ரப்பர் மேட், ஸ்டிக், டீ எல்லாம் எடுத்து வைத்து உட்காருவதற்குள் முதல் ரவுண்டு முடிந்திருக்கும். நண்பர்களை ஒருநாள் உங்கள் வீட்டுக்கு அழைத்து அதே பேடைக் கையில் கொடுத்துப் பாருங்கள்.